திருவெள்ளறையில் எத்தனை எழுத்து?

என் பழைய மாணவ மாணவியருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஒரு கேள்வி. ‘திருவெள்ளறை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? விரல்விட்டு எண்ணுங்கள். தி, ரு, வெ, ள், ள, றை. ஆறு. என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த யாரும் இதில் தப்பு செய்ய மாட்டீர்கள்.

போன மாதம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, மகளுடைய சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். எந்த அலுவலகம் கொடுத்தது என்று சொல்லப் போவதில்லை. ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘திருவெள்ளற’ என்று அச்சாகியிருந்தது. “சரியாத்தான் அடிச்சோம் டீச்சர், நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க” என்றாள். கல்லூரியில் சேர்க்கும்போது ஒரு தாளில் ஒரு ஊரும் இன்னொரு தாளில் வேறு ஊரும் இருந்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பையன் ஒருவனுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். “ஊர்ப்பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கியிருப்பாங்க டீச்சர். நம்ம ஊருக்கு 33 வேணும்.”

ஆறு எழுத்துக்கு 33ஆ? பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். (மாணவனிடம் பாடம் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.) யூனிகோடில் ‘தி’ என்பது ஒரு எழுத்து இல்லை, த ஒன்று, அதன் கொக்கி ஒன்று. புள்ளிக்கும் தனி இடம். கொம்பை முதலில் போட்டுவிட்டு ‘வ’ எழுதச் சொல்லித்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். கணினி உள்ளே ‘வ’வை முதலில் வைத்து, கொம்பைப் பின்னால் வைக்கிறதாம். இப்படி நம் ஊருக்கு 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 33. முப்பதில் வெட்டினால் கடைசி ஐகாரக் குறி போய்விடும். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் தப்பித்தார்கள், அவர்களுக்குச் சரியாக 30. மண்ணச்சநல்லூர் ‘மண்ணச்சநல்’ என்று நின்றுவிடும்.

சி மொழியில் இந்த 33 பைட்டைப் 11 அகலக் குறிகளாக மாற்ற ஒரு கட்டளை 1989 தரத்திலேயே இருக்கிறது. எம்பிஎஸ்-டு-டபிள்யூசிஎஸ் என்று பெயர், சொல்லவே நாக்கு சுளுக்குகிறது. அதற்கு முன் செட்லொகேல் கட்டளையால் எந்த மொழிச் சூழல் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லினக்ஸில் அது முதல் எழுத்திலேயே கைவிரித்துவிடுமாம். மாற்றினாலும் 11தான் கிடைக்கும், ஆறு கிடைக்காது. கொக்கி, கொம்பு, புள்ளி எதுவும் தனியாக நிற்காது, பக்கத்து எழுத்தோடுதான் சேரும் என்ற விதியையும் சேர்த்தால்தான் ஆறு வரும்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 முறையையும் ஏற்றது அந்த எண்ணத்தில்தான். அதில் நம் ஊர் தப்பிக்கும், சரி. இன்னும் நீளமான பெயர் வந்தால்? இடத்தைப் பைட்டில் அளந்து, மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டுகிறதே ஒரு நிரல், குற்றம் அங்கே இருக்கிறது. இடம் போதவில்லை என்றால் அடிக்கும்போதே சொல்ல வேண்டாமா?

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். அதனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவருக்கு இந்தத் தப்பு கண்ணில் படவே படாது. நம் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர்ப்பெயரின் நீளத்தைக் கேட்டால் சி++ 33 என்னும், பைத்தான் 11 என்னும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஆறு என்னும். இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஏன் என்று கேட்டு ஒரு வகுப்பு எடுங்கள் என்று இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை நாளைக்கு விண்ணப்ப நிரல் எழுதினால் 30 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாது.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணோடு நானும் அலுவலகத்துக்குப் போகிறேன். மனுவில் மூன்று எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரோ பெயரோ எங்காவது இப்படி வெட்டுப்பட்டிருந்தால் படத்தைக் கீழே போடுங்கள், சான்றிதழ் எண்ணை மட்டும் மறைத்துவிட்டு. அதையும் கையோடு எடுத்துப் போகிறேன்.