ஓர் ஆணி இரும்பு

உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷங்களைக் கழித்துவிட்ட நமக்கு, வகுப்பில் நடக்கும் சில்லறைத் திருட்டுகளைக் கண்டுபிடிப்பதில் கொஞ்சம் பெருமை உண்டு. சென்ற வருஷம் நம் மேஜை மேலிருந்த சாக்குக் கட்டிகள் நாள்தோறும் ஒன்றிரண்டாகக் குறைந்து வந்தன. சுவரில் கிறுக்கும் பையன்கள் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. நாலு நாள் கண்காணித்ததில், குற்றவாளி பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி என்று தெரிந்தது. அவள் சாக்குக் கட்டியைக் கொண்டு சுவரிலும் எழுதவில்லை, தரையிலும் எழுதவில்லை. தின்றுகொண்டிருந்தாள்!

நாற்பது பேருக்கு முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "உன் வீட்டில் சாதம் போடுவதில்லையா?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் அழவில்லை; அழுவதற்கும் தெம்பில்லாதவள் போல நின்றாள். பிற்பகலில் தூங்கி வழிவதற்காகவும், மாடிப் படியேறி வரத் தாமதிப்பதற்காகவும் அதற்கு முன்பே அவளைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறோம். "சோம்பேறி" என்ற பட்டத்தையும் நாமே சூட்டியிருந்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வைத்திய அம்மாள் வந்தார். அந்தப் பெண்ணின் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. உடனே நம் பக்கம் திரும்பி, "இவள் மண், சாம்பல், பச்சரிசி, பல்பம் என்று ஏதாவது தின்கிறாளா?" என்று கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரத்தத்தைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 7½ கிராம் என்று வந்தது. அந்த வயதில் 12 கிராமாவது இருக்க வேண்டும்.

நம் சரீரம் ஒரு சிறு சுரங்கம் என்று சொல்லலாம். எலும்பிலும் பல்லிலுமாக ஏறக்குறைய ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதற்கடுத்து எரிகம் என்னும் பாஸ்பரஸ் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. இரும்போ, வளர்ந்த ஓர் ஆண்பிள்ளையின் உடம்பில் 4 கிராம்தான். ஸ்திரீகளுக்கு அதிலும் குறைவு. அத்தனையையும் உருக்கினால் ஒரு சிறு ஆணி செய்யலாம். அந்த ஆணியில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் இருந்துகொண்டு, நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சுமந்து செல்கிறது. இரும்பு குறைந்தால் சுமை கூலிக்காரர்கள் குறைந்தார்கள் என்று அர்த்தம். படியேறினால் மூச்சு வாங்கும்; மனம் பாடத்தில் நில்லாது; சிலருக்கு மண்ணையும் சாக்குக் கட்டியையும் தின்ன வேண்டுமென்ற அடக்க முடியாத ஆசை உண்டாகும். இரும்புச் சத்து மீண்டதும் அந்த ஆசை தானே அகன்றுவிடுகிறது. நாம் குற்றம் என்று நினைத்தது, ஒரு நோயின் அடையாளம்.

சரீரம் இரும்பை மகா சிக்கனமாகச் செலவு செய்கிறது. சிவப்பு அணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழிந்ததும் அதிலுள்ள இரும்பை எடுத்துப் புதிய அணுவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இதனால் ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஏற்படும் நஷ்டம் சுமார் ஒரு மில்லிகிராம்தான். பெண்களுக்கோ மாதந்தோறும் இரத்தம் போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதாவது, ஏற்கனவே சிறிதாயிருக்கும் ஆணியிலிருந்து ஒரு பெரும் பகுதியை வெட்டிக் கொடுப்பது போல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பாரத நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். ஆண்களில் 25 பேர். இரத்த சோகைக்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், இரும்புக் குறைவு அவற்றில் பிரதானமானது.

"நம் வீட்டில் கீரையும் பருப்பும் இல்லாத நாளே கிடையாதே!" என்று வாசக நேயர்கள் கேட்கலாம். இலையில் விழும் இரும்பு வேறு, இரத்தத்தில் சேரும் இரும்பு வேறு. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உட்கொள்ளப்பட்டாலே அதிகம். அதற்கும் ஒரு சத்துரு நம் வீட்டில் இருக்கிறது. இதைச் சொன்னால் பலருக்கு நம் மேல் கோபம் வரும். அது காப்பி.

1983-ஆம் வருஷம் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், சாப்பாட்டுடன் ஒரு கோப்பை காப்பி குடித்தபோது, உடம்பில் சேரும் இரும்பு நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. தேநீரோ 64 பங்கைக் குறைத்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடித்தாலும் நஷ்டம் அவ்வளவேதான். ஆனால், சாப்பாட்டுக்கு ஒரு மணி முந்திக் குடித்தபோது குறைவே ஏற்படவில்லை! ஆகையால் விடியற்காலைக் காப்பியை யாரும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. இட்லி தொண்டையில் இறங்குவதற்குள் பின்னோடு செல்லும் காப்பியைத்தான் நிறுத்த வேண்டும்.

சத்துருவைப் போலவே மித்திரர்களும் நம் சமையலறையிலேயே இருக்கிறார்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாப்பழம் இவற்றிலுள்ள 'ஸி' வைட்டமின் கீரை இரும்பை உடம்பில் சேர்ப்பதற்குப் பெரிதும் உதவுகிறது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவது நலம். கொதித்தால் வைட்டமின் வீணாகும். மாவைப் புளிக்க வைப்பதும் பயற்றை முளை கட்டுவதும், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பொருளைக் குறைக்கின்றன. நம் பாட்டிமார் ரஸாயன சாஸ்திரம் படிக்காமலே இவற்றைச் செய்து வந்தார்கள்.

ஆனால் பாட்டிமார் விட்டுச் சென்ற வழக்கங்கள் எல்லாவற்றையும் போற்றுவதற்கில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, வழித்த கீரைச் சட்டியோடு உட்காருகிறவள் யார்? அந்தப் பெண்ணைப் பற்றி வைத்திய அம்மாள் சொன்ன அன்று மாலை, நம் இல்லத்தரசியின் இமையையும் இழுத்துப் பார்த்தோம். "இந்த வயசில் எல்லாருக்கும் அலுப்பாய்த்தான் இருக்கும். என் கண்ணில் என்ன தேடுகிறீர்கள்?" என்றாள். மறுநாள் பரிசோதனையில் 9 கிராம் என்று தெரிந்தது. இரும்பின் குணங்களை இருபது வருஷமாய்க் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நாம், வீட்டில் அது குறைந்து வந்ததைக் கவனிக்கவில்லை.

சோகை முற்றிவிட்டால் ஆகாரம் மட்டும் போதாது; வைத்தியர் சொல்கிறபடி மாத்திரை சாப்பிட வேண்டும். அதைப் பாலோடும் காப்பியோடும் விழுங்கக் கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்படவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையைக் குழந்தைகள் ஜன்னல் வழியே எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்காலுடன் திரிவதால் உடம்பில் புகும் கொக்கிப் புழு இரத்தத்தை உறிஞ்சும். அதற்கும் மருந்து உண்டு. ஆனால் பரிசோதனை செய்யாமல் தாமாகவே இரும்பு மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிடுவது தவறு. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. அளவுக்கு மிஞ்சிய இரும்பும் கெடுதல் செய்யும்.

அந்தப் பெண் நாலு மாதம் மருந்து சாப்பிட்டாள். இப்போது நமக்கு முன்னால் மாடிப்படி ஏறிப் போகிறாள். வகுப்பில் அவளை நிற்க வைத்த நாம், அதே வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். நம் வீட்டில் இப்போது எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். காப்பி இரண்டு மணி நேரம் கழித்து வருகிறது. இல்லத்தரசியின் கணக்கு 11-க்கு ஏறியிருக்கிறது. நேயர்கள் தங்கள் வீட்டில் யாரையாவது சோம்பேறி என்று அழைப்பதற்கு முன்னால், ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.