ஊன்றுகோல் காலாகுமா?

தேர்வு நெருங்கிவிட்டால் சட்டக் கல்லூரி விடுதியில் ஒரு காட்சி. சட்ட நூல் அலமாரியில் உறங்கும். கடையில் வாங்கிய கைடு கையில் விழித்திருக்கும்! 'பிள்ளைகள் கெட்டார்கள்' என்று பெருமூச்சு விடுகிறார்கள் பெரியவர்கள். அந்தப் பழிப் பாட்டில் நாம் சேரமாட்டோம்.

தமிழிலே படித்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய உழவன் மகனிடம், பக்கம் பக்கமாய் ஆங்கிலத் தீர்ப்பை நீட்டினால் அவன் என் செய்வான்? தடுமாறுகிறவன் ஊன்றுகோல் தேடுவது குற்றமா? அல்ல! ஊன்றுகோலையே கால் என்று எண்ணிவிடுவதுதான் ஆபத்து.

சான்று ஒன்று கூறுவோம். செண்பகம் துரைராசன் வழக்கு, 1951. 'வகுப்புவாரி ஆணை செல்லாது. பிறகு 15(4) வந்தது' என்று எழுதினால் மார்க்கு வந்துவிடும். தீர்ப்பையே புரட்டிப் பாருங்கள். 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதித்திராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற கணக்கு அங்கே இருக்கிறது. வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்ற செய்தியும் அங்கே இருக்கிறது! ஏப்ரலில் தீர்ப்பு, தமிழகம் கொதித்தது, ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம். நம்மைக் கல்லூரிக்குள் கொண்டுவந்த போராட்டத்தை ஒரு வரியாக்கி விழுங்கலாமா?

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், வடமொழிப் பெயர் சூடி 'பாரதிய நியாய சன்ஹிதா' வந்திருக்கிறது. கொலைக்குத் தண்டனை கூறும் பிரிவு 302 அல்ல, 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு! அந்நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்கோ பழைய சட்டமே. எண்ணை மட்டும் உருப்போட்டவன் நீதிமன்றத்தில் நின்றால் இழப்பது மார்க்கு அல்ல; கட்சிக்காரனின் விடுதலை!

பல்கலைக் கழகத்தாரைக் கேட்கிறோம்: 'சிறு குறிப்பு வரைக' என்றே கேட்டுக்கொண்டிருந்தால் கைடு விற்காமல் வேறென்ன விற்கும்? வழக்கைக் கொடுத்து வாதம் கேளுங்கள். அரசைக் கேட்கிறோம்: நல்ல தமிழில், மலிவு விலையில் சட்ட நூல்கள் தாருங்கள்.

தம்பிமார்களே! உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழாக்கங்களும் வருகின்றன. முதலில் தீர்ப்பு, கடைசி வாரத்தில் கைடு. கைடு தேர்வறை வாயில்வரைதான் வரும். நீதிமன்றத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். உங்களை நம்பி ஓர் ஏழை நிற்பான்!