உள்ளூர் மாடும் நேப்பிள்ஸ் சந்தையும்

உள்ளூர் மாடு விலை போகாதுன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்தா இதைத் தலைகீழா மாத்திச் சொல்லணும் போல இருக்கு. அங்கே உள்ளூர் மாடுதான் முதல்ல விலை போகுது. ஏன்னு கேட்டா ஆட்டத்தைப் பத்திப் பேச மாட்டாங்க, கணக்குப் புத்தகத்தை எடுத்து நீட்டுவாங்க.

நான் சொல்ல வர்றது ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட் மெக்டொமினே பத்தி. இவர் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. மேன்செஸ்டர் யுனைட்டட்ல சுமாரா ஆடிக்கிட்டு இருந்த பையன், இத்தாலி போனான், ஒரே வருஷத்துல பெரிய ஸ்டார் ஆயிட்டான். நம்ம சினிமால ஒரே பாட்டுல ஹீரோ பணக்காரன் ஆவாரே, அந்த மாதிரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்லை. இத்தாலி அவரை மாத்தவே இல்லை, அவர் ஏற்கனவே என்னவா இருந்தாரோ அதைப் பயன்படுத்திக்கிச்சு, அவ்வளவுதான். இது என் கட்சி. திட்டுறதுன்னா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

முதல்ல நடந்ததைப் பார்ப்போம்.

2024 ஆகஸ்ட் 30, ட்ரான்ஸ்ஃபர் கடைசி நாள். சுமார் 25 மில்லியன் பவுண்டுக்கு மெக்டொமினேவை நப்போலிக்கு வித்தது யுனைட்டட். அதே நாள்ல பாரீஸ் கிளப்லேருந்து உகார்த்தே என்ற மிட்ஃபீல்டரை ஏறக்குறைய ரெண்டு மடங்கு விலைக்கு வாங்கினதா அறிவிச்சாங்க. அந்த சீசன் முடியும்போது, 2025 மே 21 அன்னிக்கு யுனைட்டட் யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாமிடம் 0-1 என்று தோத்தது. ரெண்டே நாள் கழிச்சு, மே 23, நேப்பிள்ஸ்ல கடைசி லீக் ஆட்டம். ஜெயிச்சா இத்தாலி சாம்பியன். வலது பக்கத்துலேருந்து வந்த பந்தை மெக்டொமினே அந்தரத்துல படுத்துக்கிட்டே கத்தரிக்கோல் மாதிரி காலை வீசி அடிச்சார். கோல். லுகாகு இன்னொண்ணு போட, கக்லியாரியை 2-0 என்று ஜெயிச்சு நப்போலி சாம்பியன். இன்டர் மிலானை விட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம், 82க்கு 81. யுனைட்டட் அந்த வருஷம் லீக்ல 15வது இடம். பிரீமியர் லீக் ஆரம்பிச்ச நாள்லேருந்து அவங்களுக்கு அவ்வளவு மோசமான இடம் கிடைச்சதே இல்லை. 38 ஆட்டத்துல மொத்தமே 44 கோல்.

மெக்டொமினே லீக்ல மட்டும் 12 கோல், அதுவும் மிட்ஃபீல்டரா. இத்தாலி லீக்கின் அந்த சீசனுக்கான சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. மரடோனா ஆடின ஊருங்க அது. கால்பந்தாட்டக்காரனை சாமியா கும்பிடுற ஊர். அங்கே இவருக்கு சுவர்ல சித்திரம், "மெக்ஃப்ராத்தம்" என்று செல்லப்பேர். ஃப்ராத்தம்னா அந்த ஊர் பேச்சுல "என் சகோதரன்".

சரி, இதெல்லாம் திடீர்னு வந்ததா? இல்லவே இல்லை.

இவர் பிறந்தது 1996ல், இங்கிலாந்தின் லங்காஸ்டர்ல. அப்பா ஸ்காட்லாந்துக்காரர். ரெண்டு நாட்டுக்கும் ஆடலாம்னு இருந்தவரை 2018ல் அப்போதைய ஸ்காட்லாந்து கோச் அலெக்ஸ் மெக்லீஷ் பேசிக் கூட்டிட்டு வந்தார். யுனைட்டட் அகாடமியில் சேரும்போது சின்னப் பொடியன். ரொம்ப நாள் குள்ளமா இருந்து, பதின்ம வயசு முடியுற நேரத்துல மளமளன்னு வளர்ந்து ஆறே கால் அடியைத் தொட்டுட்டார். அகாடமியில் ஸ்ட்ரைக்கராவும் ஆடினவர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

உயரமா, திடமா ஒரு ஆள் கிடைச்சா கோச்சுங்க என்ன பண்ணுவாங்க? டிஃபென்ஸுக்கு முன்னாடி காவலுக்கு நிறுத்துவாங்க. யுனைட்டட்ல மவுரீன்யோ காலத்துலேருந்து இதுதான் நடந்தது. முதுகைக் காட்டி நின்னு பந்தை வாங்கணும், திரும்பணும், சின்னச் சின்னதா பாஸ் போடணும். அவர்கிட்ட இருக்குறதிலேயே பலவீனமான விஷயம் அதுதான். அவருடைய பலம் வேற. பின்னாடியிருந்து ஓடி வந்து, யாரும் கவனிக்காத நேரத்துல பெனால்டி பாக்ஸுக்குள்ள போய் நிக்கிறது. ஸ்ட்ரைக்கரோட மூக்கு, மிட்ஃபீல்டரோட நுரையீரல். 255 ஆட்டம் ஆடி 29 கோல் போட்டுட்டுக் கிளம்பினார். காவல்காரனா நிறுத்தப்பட்ட ஆளுக்கு அது குறைச்சல் இல்லை.

இதை முதல்ல கண்டுபிடிச்சது இத்தாலிகூட இல்லைங்க, ஸ்காட்லாந்து. கோச் ஸ்டீவ் கிளார்க் ஆரம்பத்துல இவரை டிஃபென்ஸ்லகூட ஆட வெச்சார். அப்புறம் முன்னாடி அனுப்பினார். 2024 யூரோவுக்கான தகுதிச் சுற்றுல 7 கோல். 2023 மார்ச்ல கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்ல ஸ்பெயினை 2-0 என்று ஜெயிச்சாங்களே, ரெண்டு கோலும் இவர்தான். அதே வருஷம் அக்டோபர்ல பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரா யுனைட்டட் தோத்துக்கிட்டு இருக்கும்போது கடைசி நிமிஷத்துல உள்ள வந்து, கூடுதல் நேரத்துல ரெண்டு கோல் அடிச்சு 2-1 ஆக்கினார். 2023-24 சீசன்ல எல்லாப் போட்டியும் சேர்த்து யுனைட்டடுக்கு 10 கோல். பாதி நாள் பெஞ்ச்ல உக்கார்ந்துக்கிட்டு!

இவ்வளவும் கண்ணு முன்னாடி நடந்திருக்கு. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு சொல்வாங்களே, அதேதான்.

அப்ப ஏன் வித்தாங்க? முட்டாள்தனம்னு ஒரு வார்த்தைல முடிச்சுடலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. 2024ல் நடைமுறையில் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி, ஒரு கிளப் மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. இப்போ 50 மில்லியனுக்கு ஒருத்தரை அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல வாங்கினா, செலவை வருஷத்துக்கு 10 மில்லியன்னு பிரிச்சு எழுதலாம். ரெண்டு வருஷம் கழிச்சு அவருடைய புத்தக மதிப்பு 30. அப்போ 35க்கு வித்தா லாபம் வெறும் 5தான். ஆனா அகாடமியில வளர்ந்த பையனுக்கு வாங்கின விலைன்னே ஒண்ணு கிடையாது. புத்தகத்துல அவன் மதிப்பு பூஜ்யம். 25க்கு வித்தா 25ம் முழுசா லாபம், அந்த வருஷமே எழுதிக்கலாம்.

புரியுதா விளையாட்டு? எந்தப் பையனை கிளப் கஷ்டப்பட்டு வளர்த்ததோ, எவன் அந்தச் சட்டையைத் தவிர வேற சட்டையே போட்டதில்லையோ, அவனை விக்கிறதுதான் கணக்குப்படி புத்திசாலித்தனம். அதே கோடையில் செல்சீ தன் அகாடமியில வளர்ந்த கேலகரை அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு வித்ததும் இந்தக் கணக்கு வெளிச்சத்துலதான். உள்ளூர் மாட்டுக்கு வாங்கின சீட்டு இல்லை, அதனால அதை முதல்ல சந்தைக்கு ஓட்டு. பொடியனா இருக்கும்போது "இது உன் குடும்பம்டா"ன்னு சொல்லி வளர்த்துட்டு, இருபத்தேழு வயசுல "நீ சுத்த லாபம்"னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

வாங்குற விலையை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம்னா, விக்கிற லாபத்தையும் அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் எழுதணும்னு வெச்சாங்கன்னா என்ன? அவசரத்துக்கு வீட்டுப் பிள்ளையை விக்கிற ஆசை தானா அடங்கும். சின்ன கிளப்புகளுக்கு அகாடமி பையனை விக்கிற காசுதான் சோறு, அவங்களைச் சொல்லலை. கோடி கோடியா வெளியில கொட்டுறவங்களைச் சொல்றேன்.

"இத்தாலி லீக் மெதுவா ஆடுற லீக், அதான் இவர் அங்கே ராஜா"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். அவங்களுக்கு ரெண்டு தேதி. ஒண்ணு மேல சொன்ன ஸ்பெயின் ஆட்டம். இன்னொண்ணு 2025 நவம்பர் 18, ஹாம்ப்டன் பார்க், டென்மார்க்குக்கு எதிரா. மூணாவது நிமிஷத்துல, கோலுக்கு முதுகைக் காட்டி நின்னபடி எகிறி, தலைகீழா ஒரு அடி. ஸ்காட்லாந்து 4-2 என்று ஜெயிச்சு, 1998க்கு அப்புறம் முதல் தடவையா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இதுல எந்த இத்தாலி லீக் வந்தது?

அதுக்காக வெளிநாடு போனா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லலை. 2025 ஜனவரியில் காலமான டெனிஸ் லாவையே எடுத்துக்கோங்க. 1961ல் இத்தாலியின் டொரினோவுக்குப் போனார். அந்தக் காலத்து இத்தாலி ஆட்டம் கதவைப் பூட்டிட்டு உக்கார்ற ஆட்டம், கோல் அடிக்கப் பிறந்த ஆளுக்கு மூச்சு முட்டுச்சு. ஒரே வருஷத்துல திரும்பி வந்து யுனைட்டட்ல சேர்ந்தார், 1964ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஜோ ஜோர்டன் 1981ல் ஏசி மிலான் போனார். அடுத்த வருஷமே மிலான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. மனுஷன் ஓடிப் போகலை, கூடவே இருந்து 1983ல் மேல ஏத்தி விட்டுட்டுத்தான் வந்தார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பால் லேம்பர்ட் கதை. மதர்வெல் என்ற சின்ன கிளப்ல ஒப்பந்தம் முடிஞ்சு, 1996ல் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு ட்ரயலுக்குப் போனவர். ஒரு பைசா ட்ரான்ஸ்ஃபர் பணம் கிடையாது. கோச் ஹிட்ஸ்ஃபெல்ட் அவரை டிஃபென்ஸுக்கு முன்னாடி நிறுத்தினார். அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிர்ல யுவென்டஸ். லேம்பர்ட்டுக்குக் கொடுத்த வேலை ஜிடேனைக் கட்டிப் போடுறது. கட்டிப் போட்டதும் இல்லாம முதல் கோலுக்கு கிராஸும் போட்டார். 3-1.

கவனிச்சீங்களா? லேம்பர்ட்டைப் பின்னாடி இழுத்தாங்க, மெக்டொமினேவை முன்னாடி தள்ளினாங்க. ரெண்டும் நேரெதிர். ஆனா செஞ்சது ஒண்ணுதான்: "இவன்கிட்ட என்ன இல்லை"ன்னு தேடாம "என்ன இருக்கு"ன்னு பார்த்தாங்க. நப்போலி கோச் கோன்டே அதைத்தான் பண்ணார். சீசன் நடுவுல குவரட்ஸ்கேலியாவை பாரீஸுக்கு வித்துட்டாங்க, முன்வரிசைல பெரிய ஓட்டை. 2025 ஏப்ரல்ல எம்போலி, மொன்சா, டொரினோன்னு அடுத்தடுத்து மூணு ஆட்டத்துல அஞ்சு கோல் போட்டு அதை அடைச்சது யாரு? ஊர்ல எல்லாரும் வேண்டாம்னு சொன்ன அதே ஆள்.

திறமை ஆளுக்குள்ளயே இருக்கு. அதைப் பார்க்கிற கண்ணுதான் சில சமயம் வெளியூர்ல இருக்கு. அந்தக் கண்ணு ஏன் உள்ளூர்ல இல்லாம போச்சுன்னு கிளப்புகள் தங்களைக் கேட்டுக்கணும். அதை விட்டுட்டு "இத்தாலி போய் வளர்ந்துட்டான்"னு கைதட்டுறது, தன் தப்பை மறைச்சுக்கிற வழி.

பி.கு: இங்கிலாந்துல தக்காளிப் பக்கமே போகாத மனுஷன், நேப்பிள்ஸ் போனப்புறம் அதை நொறுக்குத்தீனி மாதிரி சாப்பிடுறாராம், பேட்டில சொல்லியிருக்கார். தக்காளி விஷயத்துல மட்டும் "இத்தாலி அவரை மாத்திடுச்சு"ங்கிற கட்சியை ஒத்துக்கிறேன் :-) யுனைட்டட் ரசிகக் கண்மணிகள் வரிசையில வந்து கும்மலாம்.