மலிவு ஆடையின் விலையைச் செலுத்துபவர் யார்?

"இளைஞர்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்." ஆடை வணிகர்கள் எந்நாளும் சொல்லும் நியாயம் இதுவே. இது எத்துணைப் பொய்யானது என்பதை அறிய, டோக்கியோவின் ஹராஜுகு வீதியின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

ஒரு காலத்தில் அவ்வீதியில் இளைஞர்கள் தங்கள் உடையைத் தாங்களே உருவாக்கினார்கள். பழைய துணியை வெட்டியும் தைத்தும் ஒன்றோடொன்று பொருத்தியும் அணிந்தார்கள். அவ்வுடைகளில் பலவற்றை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் அவற்றில் அவர்களுடைய சொந்தச் சிந்தனையும் கைவேலையும் இருந்தன என்பதை மறுப்பது நேர்மையன்று. அவர்களைப் படம்பிடிப்பதற்காகவே 1997இல் 'ஃப்ரூட்ஸ்' என்னும் இதழ் தொடங்கப்பட்டது. 2017இல் அது நின்றுபோனது. படம்பிடிக்கத் தகுந்த இளைஞர்களை இனி வீதியில் காணோம் என்பதே அதை நடத்திய ஷோயிச்சி அவோகி கூறிய காரணம்.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நடந்தது என்ன? 1998இல் யூனிக்லோ நிறுவனம் ஹராஜுகுவில் கடை திறந்து, 1,900 யென்னுக்கு ஃப்ளீஸ் மேலாடைகளை விற்றது. அதே குழுமம் 2006இல் அதனினும் மலிவான 'ஜீயூ' கடைகளைத் தொடங்கி, 2009இல் 990 யென்னுக்கு ஜீன்ஸ் விற்றது. 2008இல் சுவீடனின் எச் அண்ட் எம் வந்தது; மறு ஆண்டு அமெரிக்காவின் ஃபாரெவர் 21 வந்தது. 2022இல் சீனாவில் தோன்றிய ஷீயின் ஒரு காட்சிக்கூடத்தையே திறந்தது. அங்கே உடையை அணிந்து பார்க்கலாம், வாங்குவது கைப்பேசியில்.

இத்தனை பேரும் போட்டியிட்டது பெருகிவரும் இளைஞர் கூட்டத்துக்காகவா? இல்லை. 1992இல் ஜப்பானில் 18 வயதினர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். 2022இல் அவர்கள் 11 லட்சம் அளவே. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் நிரந்தரமற்ற பணியில் இருக்கும் நாடு அது. ஆளும் குறைந்து, பணப்பையும் இளைத்துவிட்டால், ஒருவரையே பன்முறை வாங்கச் செய்வதுதானே வணிகனுக்கு வழி?

அதன் விளைவை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகமே 2020இல் கணக்கிட்டது. ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 18 உடைகள் வாங்குகிறார். 12 உடைகளைக் கழிக்கிறார். 25 உடைகள் ஆண்டு முழுவதும் அணியப்படாமலே கிடக்கின்றன. பொருளை வீணாக்கும்போது மனம் வருந்தி "மொத்தாய்னாய்" என்று சொல்லும் சமுதாயத்தின் கணக்கு இது!

"ஏழை இளைஞனுக்கும் நல்ல உடை கிடைக்கிறதே" என்பார்கள். ஒரு நல்ல சட்டை மலிவாகக் கிடைப்பதை நாம் குறைகூறவில்லை. தேவையற்ற பத்தாவது சட்டையை அவன் தலையில் கட்டுவதையே கண்டிக்கிறோம். ஜப்பானில் விற்கும் உடைகளில் ஏறக்குறைய 98 விழுக்காடு வெளிநாடுகளில் தைக்கப்பட்டு வருபவை. கடைக்காரர்கள் போட்டிபோட்டுக் குறைக்கும் ஒவ்வொரு யென்னின் சுமையும் இறுதியில் யார் தோளில் இறங்கும்? தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் கூலியில் அல்லவா?

இளைஞர்கள் கேட்டதாகச் சொல்வோர் இன்னொன்றையும் பார்க்கட்டும். ஃபாரெவர் 21 தன் கடைகளை 2019இல் மூடிக்கொண்டு ஜப்பானைவிட்டு வெளியேறியது. ஷிமோகிதசாவாவின் பழைய உடைக் கடைகளையோ இளைஞர்கள் தேடிச் செல்கிறார்கள். ஒருவர் அணிந்ததை மற்றவர் வாங்கி அணிவதில் அவர்களுக்கு வெட்கமில்லை.

அன்பிற்குரிய பெற்றோர்களே! இது எங்கோ இருக்கும் ஜப்பானின் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அதே யூனிக்லோ 2015இல் ஹிஜாபையும் நீண்ட அங்கிகளையும் தென்கிழக்காசியக் கடைகளில் அடுக்கியது. கண்ணியமான உடை எளிதில் கிடைப்பது நன்றே. ஆனால் அதுவும் பருவந்தோறும் புதிது புதிதாக வாங்கிக் குவிக்கும் சரக்காகிவிட்டால், மேனியை மறைக்கும் துணி வீண்விரயத்தை மறைத்துவிடுமா? பிள்ளைகளின் நாகரிக மோகத்தைக் கண்டிக்கும் முன், நம் அலமாரிகளைத் திறந்து, ஓராண்டாகத் தொடாத உடைகளை நாமே எண்ணிப் பார்ப்போம்.