வேற்றுக் கிரகத்தில் உயிரா? காவலூர் சொல்லும் பாடம்

2025 ஏப்ரலில் செய்தித்தாள்களில் ஒரே பரபரப்பு. 'பூமிக்கு வெளியே உயிர் இருக்கலாம்' என்று தலைப்புகள் வந்தன. அந்தக் கிரகத்தின் பெயர் கே2-18பி. அங்கிருந்து கிளம்பும் ஒளி நம்மை வந்து சேரவே 124 ஆண்டுகள் ஆகும்! பூமியில் நுண்ணிய கடல் பாசிகள் உண்டாக்கும் ஒரு வாயுவின் அடையாளம் அதன் காற்றில் தெரிவதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் விஞ்ஞானி நிக்கு மதுசூதனின் குழு அறிவித்தது.

யாரும் போகாத இடத்தின் காற்றை எப்படி அறிகிறார்கள்?

நேரடியாகப் படம் பிடிப்பது ஒரு வழி. ஆனால் நட்சத்திரத்தின் பக்கத்தில் கிரகம், லாரி ஹெட்லைட் பக்கத்தில் மின்மினிப்பூச்சி மாதிரி. கண் கூசினால் கையால் மறைக்கிறோம் அல்லவா? அப்படியே தொலைநோக்கிக்குள் ஒரு சிறு மறைப்பு வைத்து நட்சத்திர ஒளியைத் தடுக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022-ல் இப்படி ஒரு கிரகத்தைப் படம் எடுத்தது.

கே2-18பி தன் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருப்பதால் இந்த வழி உதவாது. அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும்போது, அதன் காற்றுக்குள் புகுந்து வரும் ஒளியை வெப் ஆராய்ந்தது. ஒவ்வொரு வாயுவும் சில நிறங்களை மட்டும் விழுங்கும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் வாயு எது என்று தெரியும்.

நட்சத்திர ஒளியை வைத்துக் காற்றைத் தேடும் வேலை நம் ஊர்ப் பக்கமும் நடந்தது தெரியுமா? வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். 1972 ஜூன் 7-ல் வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காற்று இல்லையென்றால் ஒளி சட்டென்று அணையும்; இருந்தால் மெல்ல மங்கும். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும், இந்தோனேசியாவிலும் இதை அளந்தார்கள். 'கானிமீடில் காற்று உண்டு' என்ற முடிவு உலகக் கவனம் பெற்றது.

கதை அத்துடன் முடியவில்லை. 1979-ல் வாயேஜர் விண்கலம் அருகில் சென்று அளந்தபோது அந்த அளவு காற்று இல்லை என்றது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை இருப்பதைக் காட்டியது. பதில் தெளிவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

கே2-18பி கதையும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதே தகவல்களை அலசிய வேறு விஞ்ஞானிகள், ஆதாரம் போதாது என்கிறார்கள். இது சண்டை அல்ல, சோதனை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒருவர் தைத்ததை இன்னொருவர் சோதித்த பிறகுதானே பெட்டியில் வைக்கிறார்கள்?

அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள், குழந்தைகளே! யார் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? வேறு யாராவது அளந்து பார்த்தார்களா?