சண்டை போட்டு வந்தாலும் பாரம் நம்முடையது

மார்ச் மாதம் பிறந்தாலே என் வானொலி நிகழ்ச்சிக்கு இப்படி ஓர் அழைப்பு வந்துவிடும். "முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டேன். இப்போது எந்த முகத்தோடு போய் இ.ஏ. பாரம் கேட்பது?"

அது முதலாளி போடும் பிச்சை இல்லைங்க. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசி நாளுக்குள் அவர் கொடுத்தே ஆக வேண்டும். தவறினால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்கு நின்றவர்கள். செக்ரோல் கிராணியார் கையில். பேர் விழுந்ததா என்று கேட்கவே பயம். ஈப்போவில் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கும் நமக்கும் அதே பயம் எதற்கு?

நேரில் போக வேண்டாம். மின்னஞ்சல் போதும். பெயர், அடையாள அட்டை எண், வேலை செய்த காலம், எந்த ஆண்டின் பாரம் என்பதை எழுதுங்கள். பழைய சண்டையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பதில் வராவிட்டால் அந்த மின்னஞ்சலைக் காட்டி வருமான வரி வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆனால், பாரத்துக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். வியாபாரம் இல்லாத சம்பளக்காரர்களுக்கு பி.இ. பாரத்தின் கெடு ஏப்ரல் 30. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, இ.பி.எஃப். அறிக்கை ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடலாம். மாதாமாதம் பிடித்த பி.சி.பி. தொகையையும் சேர்க்க மறக்காதீர்கள். திரும்பக் கிடைக்க வேண்டிய பணம் அதில்தான் இருக்கிறது.

அந்தச் சீட்டுகளை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். இன்றே தேடி எடுத்து ஒரு கோப்பில் போடுங்களேன்.