ஸஹருக்கு முந்தைய ஒரு மணி நேரம்

ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு: “முப்பது நோன்பும் முடியட்டும், மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் தைராக்ஸின் உட்கொள்ளும் பெண்கள் சிலரும் இவ்வாறு சொல்கிறார்கள். நோன்பின் மீதுள்ள ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் இம்முடிவு தவறு என்றே நாம் கருதுகிறோம்.

இது வலி வந்தால் போட்டு, தணிந்தால் விடும் மருந்தன்று. கழுத்திலுள்ள சுரப்பி தரத் தவறிய ஹார்மோனை ஈடுசெய்வது. நிறுத்தியவுடன் உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை, சிக்கலே அதுதான். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள்கள் ஆகும். எனவே முதல் பத்து நலமாகவே கழியும். இரவு வணக்கத்திற்காகக் காத்திருந்த கடைசிப் பத்திலோ அசதியும் உறக்கமும் அழுத்தும். “நோன்புக் களைப்பு” என்று வீடும் அதைக் கடந்துவிடும்.

மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டும். ஸஹர் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீருடன் விழுங்கலாம். அல்லது, கடைசியாக உண்டு 3, 4 மணி நேரம் கழித்து, உறங்கப்போகும்போது. தராவீஹ் முடிந்து வந்ததும் தேநீரும் சமோசாவும் காத்திருக்கும் வீட்டில் இரண்டாம் வழி எளிதன்று! சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. எது தமக்குப் பொருந்தும் என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

முதல் வழியிலும் ஓர் இடருண்டு. ஸஹருக்கு முதலில் எழுபவர் யார்? பல வீடுகளில் நோயுள்ள அதே பெண்தான். அடுப்பை மூட்டி, ஆணத்தைச் சூடாக்கி, பிள்ளைகளை எழுப்பி முடிப்பதற்குள் பாங்கு நெருங்கிவிடும். மாத்திரை மறந்துபோகும், இல்லையேல் சோற்றோடு சோறாக உள்ளே போகும். ஆணத்தைச் சூடாக்க ஆண்மக்களுக்குத் தெரியாதா என்ன?

கருவுற்ற மருமகளிடம், “ஹார்மோன் மாத்திரை பிள்ளைக்கு ஆகாது” என்று அன்பினால் சொல்லும் மாமிமார் உண்டு. உண்மை நேர்மாறானது. முதல் மாதங்களில் கருவிலுள்ள குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே சார்ந்திருக்கிறது. அப்போது மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்டவே நேரும். நோன்பு வேண்டாமென மருத்துவர் கூறினால், நோயாளிக்கான சலுகை திருக்குர்ஆனிலேயே (2:184, 185) இருக்கிறது. விட்ட நோன்பை வேறு நாள்களில் நோற்கலாம். விட்ட மாத்திரைக்கு அத்தகைய களா இல்லை.